குன்னூர்ப் பழைய சாமான் கடையில் வாங்கிய ஸ்லாட் சென்சார்: மழைமானியில் ஒரு பருவம்

குன்னூர் மார்க்கெட்டுக்குப் பின்புறச் சந்தில் உள்ள ஒரு பழைய சாமான் கடையில், பழுதான பிரிண்டர்களிலிருந்தும் நகலெடுக்கும் இயந்திரங்களிலிருந்தும் கழற்றிய ஒளி உணரிகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, பை ஒன்று 150 ரூபாய் என்று விற்கிறார்கள். சென்ற செப்டம்பரில் ஒரு பை வாங்கினேன். கோத்தகிரியில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு நானே செய்துகொண்டிருந்த மழைமானிக்கு அதிலிருந்து ஓர் உணரியைத் தேர்ந்தெடுத்து, வடகிழக்குப் பருவமழை முழுவதும் வெளியில் வைத்துப் பார்த்தேன். புதிய உணரி விலை உயர்ந்த பொருள் அல்ல. ஆனால் அதற்காகக் கோவைக்கு இறங்க வேண்டும், அல்லது கூரியருக்குக் காத்திருக்க வேண்டும். அதைவிட, உறைமீது பெயரோ எண்ணோ இல்லாத ஒரு பாகத்தை அளந்து அளந்தே அதன் இயல்பைத் தெரிந்துகொள்ள முடியுமா என்ற கேள்வி எனக்கு முக்கியமாக இருந்தது. இயற்பியல் ஆசிரியராக இருப்பதால் இந்தக் கேள்வியை மாணவர்களோடு சேர்ந்தே ஆராய்ந்தேன்.

ஸ்லாட் சென்சார் என்பது, ‘ப’ வடிவத்தைத் தலைகீழாகத் திருப்பியது போன்ற சிறு கறுப்பு உறை. அதன் ஒரு காலுக்குள் அகச்சிவப்பு எல்இடியும், எதிர்க்காலுக்குள் ஃபோட்டோ டிரான்சிஸ்டரும் இருக்கின்றன. நடுவில் உள்ள ஏறத்தாழ 5 மி.மீ. இடைவெளியில் ஏதேனும் குறுக்கே வந்தால் ஒளி மறிக்கப்பட்டு, டிரான்சிஸ்டரில் ஓடும் மின்னோட்டம் நின்றுவிடும். பிரிண்டரில் தாள் வந்துவிட்டதா, மூடி சாத்தியிருக்கிறதா என்பதையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் நாக்கு இந்த இடைவெளியில் ஏறி இறங்குவதை வைத்துத்தான் இயந்திரம் அறிகிறது. தேய்வதற்கு இதில் எதுவும் இல்லை. எனவே, பிரிண்டர் ஏதோவொரு காரணத்தால் செத்துப்போனாலும் இந்த உணரி பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும்.

பையில் மொத்தம் 23 உணரிகள் இருந்தன. அவற்றில் 14 நான்கு கால் (சுற்றோடு இணைக்கும் கம்பிமுனை) ஸ்லாட் சென்சார்கள். ஐந்து மூன்று காலுடையவை. எதிரொளிப்பு உணரிகள் மூன்றும், இங்க்ஜெட் பிரிண்டரில் கோடுபோட்ட பட்டையைப் படிக்கும் என்கோடர் ஒன்றும் மீதி. நான்கு கால் உணரியில் எந்தப் பக்கம் எல்இடி என்று அறிய மல்டிமீட்டரின் டையோடு நிலை போதும். சரியான திசையில் முனைகளை வைக்கும்போது அகச்சிவப்பு எல்இடி 1.0 முதல் 1.1 வோல்ட் வரை காட்டும். சாதாரண சிலிக்கான் டையோடு காட்டும் 0.6-இலிருந்து அதை எளிதாகப் பிரித்தறியலாம். எதிர்ப்பக்கத்து டிரான்சிஸ்டர், இருட்டில் இரண்டு திசையிலும் எதையும் காட்டாது. இழை பல்பு அல்லது வெயிலுக்கு நேரே இடைவெளியைத் திருப்பினால் ஒரு திசையில் மட்டும் மதிப்பு இறங்கும். இந்தச் சோதனைக்கு எல்இடி டார்ச்சைப் பயன்படுத்தி ஒரு மாணவி ஏமாந்துபோனாள். வெள்ளை எல்இடி ஒளியில் அகச்சிவப்பு ஏறக்குறைய இல்லை. இவ்வகைக் கறுப்பு உறையோ கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்து அகச்சிவப்பை மட்டும் விடுவது. நல்ல உணரியைக் கெட்டுப்போனது என்று தூக்கி எறிய இந்த ஒரு காரணமே போதும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். எல்இடிக்கு மின்சாரம் கொடுத்த பிறகு அது எரிகிறதா என்று பார்க்க, செல்போனின் முன்பக்கக் கேமரா உதவும். பின்பக்கக் கேமராக்கள் பலவற்றில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி வலுவாக இருப்பதால் ஒன்றும் தெரியாமல் போகலாம்.

14-இல் ஒன்றின் எல்இடி செத்திருந்தது. இரண்டின் கால்களைக் கடைக்காரர் கட்டிங் பிளையரால் அடியோடு நறுக்கியிருந்ததால் அவற்றில் ஈயம் வைக்கவே வழியில்லை. கடையைப் பற்றி எனக்கு உள்ள ஒரே குறை இதுதான். கால் குட்டையாவது மட்டுமல்ல நட்டம். உணரியைச் சர்க்யூட் போர்டிலிருந்து பிரித்துவிட்டால் அதன் வரலாறும் போய்விடுகிறது. போர்டோடு கிடைத்திருந்தால், எல்இடியோடு தொடரில் இருக்கும் மின்தடையின் மதிப்பைப் படித்து, அந்த இயந்திரம் அதற்கு எவ்வளவு மின்னோட்டம் கொடுத்தது என்று கணக்கிட்டுவிடலாம். தயாரிப்பாளரின் தரவுத்தாள் இல்லாத பாகத்துக்கு அதைவிட நல்ல சான்று வேறில்லை.

மீதி 11 உணரிகளையும் ஒரே முறையில் அளந்தோம். 5 வோல்ட்டிலிருந்து 220 ஓம் மின்தடை வழியாக எல்இடிக்குக் கொடுத்தால், எல்இடியில் விழும் 1.2 வோல்ட்டைக் கழித்து, ஏறத்தாழ 17 மில்லி ஆம்பியர் ஓடும். அந்த நிலையில் டிரான்சிஸ்டர் பக்கம் கிடைத்த மின்னோட்டம், மிகக் குறைவாக 0.6 மில்லி ஆம்பியரிலும் மிக அதிகமாக 2.8 மில்லி ஆம்பியரிலும் நின்றது. உருவத்தில் ஒன்றுபோல இருந்தவற்றுக்கிடையே ஏறக்குறைய ஐந்து மடங்கு வேறுபாடு! புதிய உணரிகளிலும் இத்தகைய ஏற்றத்தாழ்வு வழக்கமானதுதான். ஆனால் பழையவற்றில் இன்னும் இரண்டு காரணங்கள் சேர்கின்றன. அகச்சிவப்பு எல்இடி, பல ஆண்டுகள் சூட்டில் எரிந்தால் மெல்ல மெல்ல ஒளி குன்றும். ஒளி வரும் மெல்லிய பிளவில் தாள்தூசியும் டோனர்ப் பொடியும் அடைந்திருக்கும். முன்னதற்கு மருந்தில்லை. பின்னதை ஊதியும், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஒற்றியும் எடுத்துவிடலாம். 0.9 காட்டிய ஓர் உணரி, சுத்தம் செய்த பின் 1.7 காட்டியது. அசிட்டோனை மட்டும் கிட்டே கொண்டுவர வேண்டாம். உறையின் பிளாஸ்டிக் கரைந்து பிளவு மங்கிவிடும்.

2.4 மில்லி ஆம்பியர் காட்டிய ஒன்றைத் தேர்ந்தெடுத்து மழைமானியில் பொருத்தினேன். இது கவிழ்வாளி வகை: 16 செ.மீ. விட்டமுள்ள புனலில் விழும் மழை, சீசாப் பலகைபோல் இருபுறமும் சாயும் ஒரு சிறு இரட்டை வாளியில் இறங்குகிறது, 0.2 மி.மீ. மழைக்கு, அதாவது ஏறத்தாழ 4 மில்லி லிட்டர் நீருக்கு, வாளி ஒருமுறை கவிழ வேண்டும். வாளியோடு ஒட்டிய மறிப்புத் தகடு, ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்போது உணரியின் இடைவெளிக்குள்ளும், மறுபக்கம் சாயும்போது வெளியிலும் இருக்கும்.

அந்தத் தகட்டிலேயே முதல் பாடம் கிடைத்தது. ஒரு கறுப்பு உணவுப் பெட்டி மூடியிலிருந்து வெட்டிய தகட்டை வைத்தபோது, மின்னோட்டம் பாதிகூடக் குறையவில்லை. கண்ணுக்குக் கறுப்பாக இருப்பது அகச்சிவப்புக்கும் கறுப்பாக இருக்க வேண்டும் என்பதில்லை. உணரியின் உறையே அதற்கு உதாரணம் என்பதை அந்த நேரத்தில் மறந்திருந்தேன். ஃபிலிமில் இதை அழகாகக் காணலாம். ஒளிபட்டுக் கழுவிய கலர் நெகட்டிவின் கறுத்த முனை, சாயத்தால் கறுத்தது என்பதால் அகச்சிவப்பைத் தாராளமாக விட்டுவிடுகிறது. கறுப்பு-வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் உலோக வெள்ளித் துகள்களால் கறுத்தவை; அவை அகச்சிவப்பை மறிக்கின்றன. ஊட்டி இந்து நகரில் இயங்கிவந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் ‘இந்து’ ஃபிலிம் சுருள்கள் நீலகிரியில் பல வீட்டு அலமாரிகளில் இன்னும் கிடக்கின்றன. எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. அந்தக் கறுப்பு-வெள்ளைச் சுருளின் கறுத்த முனையை ஒரு துண்டு வெட்டி இடைவெளியில் நுழைத்தபோது மின்னோட்டம் அநேகமாகப் பூஜ்யத்துக்கு இறங்கியதை மாணவர்கள் மாறி மாறிச் செய்து பார்த்தார்கள். ஒளியைப் பதிவு செய்வதற்கென்றே ஒரு ஆலை இருந்த ஊரின் பக்கத்தில் இதைக் கற்பிக்க முடிந்ததில் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. மழைமானிக்கு ஃபிலிம் நிலைக்காது, நனைந்தால் அதன் மேற்பூச்சு உப்பிவிடும் என்பதால், இறுதியில் மெல்லிய அலுமினியத் தகட்டையே வெட்டிப் பொருத்தினேன்.

வெயில் அடுத்த சிக்கல். சிலிக்கான் டிரான்சிஸ்டர் எங்கிருந்து வரும் அகச்சிவப்பையும் ஏற்கும். எது எல்இடியிலிருந்து வந்தது, எது சூரியனிடமிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. மூடியைத் திறந்து மதிய வெயிலில் காட்டியபோது, தகடு மறித்திருந்தும் மறிக்காதது போலவே உணரி காட்டியது. மழைமானியின் உடல் தகரமாக இருப்பதால் மூடியபின் இந்தத் தொல்லை இல்லை. பிளாஸ்டிக் குழாயில் செய்பவர்கள் அந்தக் குழாய் அகச்சிவப்பை விடுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த மலையில் யாரும் முதலில் கேட்பது மஞ்சு, அதாவது மூடுபனி, பற்றித்தான். அக்டோபரில் கோத்தகிரிப் பக்கம் மஞ்சு இறங்கினால் எதிர்வீடு தெரியாது. அதில் ஓர் ஒளி உணரி எப்படி வேலை செய்யும் என்பது நியாயமான கேள்வி. ஆனால் கணக்குப் போட்டால் விடை வேறாக இருக்கிறது. 50 மீட்டருக்கு மேல் ஒன்றும் தெரியாத அடர்ந்த மஞ்சில், ஒளி குறையும் வீதம் மீட்டருக்குச் சுமார் 8 விழுக்காடு. உணரியின் ஒளி கடக்க வேண்டியதோ வெறும் 5 மி.மீ. அதில் குறைவது பத்தாயிரத்தில் நான்கு பங்கு மட்டுமே. எந்த மீட்டரிலும் அது தெரியாது. மஞ்சு தொல்லை தருவது காற்றில் மிதக்கும்போது அல்ல, உணரியின் மேல் படிந்து முத்து முத்தாகத் திரளும்போது. இதை நேரே பார்க்க, குளிர்பதனப் பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்த உணரியை எடுத்து அதன் இடைவெளியில் வாயால் ஊதினோம். 2.4 மில்லி ஆம்பியர் 1.3-க்கு இறங்கி, ஈரம் காயக் காயச் சில நிமிடங்களில் பழைய இடத்துக்கு ஏறியது. சிரிஞ்சால் ஒரு துளி நீரை இடைவெளியின் சுவரில் தொங்கவிட்டபோது 0.9 வரை போனது. துளி ஒரு லென்சு போல ஒளியை வளைத்து வேறு பக்கம் அனுப்பிவிடுகிறது.

இந்த எண்களுக்கு எப்போது பொருள் வருகிறது என்றால், எதிரே உள்ள சுற்றோடு வைத்துப் பார்க்கும்போதுதான். 5 வோல்ட்டுக்கும் டிரான்சிஸ்டருக்கும் நடுவே 10 கிலோ ஓம் மின்தடை வைத்தால், வெளியீடு முழுமையாகக் கீழே இறங்க அரை மில்லி ஆம்பியர் வேண்டும். 2.4 காட்டும் உணரி, துளி தொங்கி 0.9-க்கு வந்தாலும் அந்தக் கோட்டுக்கு மேலேயே நிற்கிறது. 0.6 காட்டும் உணரியோ, மேசையில் வைத்துச் சோதிக்கும்போது குறையே இல்லாமல் வேலை செய்யும். மஞ்சு படிந்த முதல் விடியலில் 0.3-க்கு இறங்கி, மறிக்காத இடைவெளியை மறித்ததாகச் சொல்லும்; காய்ந்ததும் மாற்றிச் சொல்லும். ஒரு சொட்டு மழையும் இல்லாமல் இரண்டு கவிழ்வுகள் பதிவாகிவிடும். இதை ஊகமாகச் சொல்லவில்லை. முதல் வாரத்தில் வேண்டுமென்றே அந்த மெலிந்த உணரியை வைத்தேன், நான்கு விடியல்களில் மூன்றில் பொய்க் கவிழ்வு வந்தது. பழைய உணரி வாங்குபவர்கள் ‘வேலை செய்கிறதா’ என்று மட்டும் பார்ப்பதை விட்டு, ‘எவ்வளவு மிச்சம் வைத்து வேலை செய்கிறது’ என்று பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மின்தடையை 47 கிலோ ஓம் ஆக்கினால் மெலிந்த உணரியும் தேறிவிடாதா என்று ஒரு மாணவன் கேட்டான். 0.1 மில்லி ஆம்பியரே போதும் என்றாகிவிடுவதால், மேசையில் தேறியது. ஆனால் அதே அளவுக்கு, மூடியின் விளிம்பில் கசியும் வெயிலும், ஈரமான கால்களுக்கிடையே கசியும் மின்னோட்டமும் பெரிதாகத் தெரியத் தொடங்கின. 10 கிலோ ஓமிலேயே நிறுத்தி, ஈயம் வைத்த இடங்களிலெல்லாம் வார்னிஷ் இரண்டு பூச்சுப் பூசினேன்.

குளிரைப் பற்றி நான் அஞ்சியது வீண். விடியலில் 9 டிகிரி, மதியம் 23 டிகிரி என்று இருந்த நாளில், மின்னோட்டம் பத்து விழுக்காடுகூட மாறவில்லை. குளிரில் எல்இடியின் ஒளி கூடுகிறது, டிரான்சிஸ்டரின் பெருக்கம் குறைகிறது. ஒன்றை ஒன்று பெரிதும் ஈடுகட்டிவிடுகின்றன. ஒளியே இல்லாதபோதும் கசியும் இருள் மின்னோட்டம், ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய இரட்டிப்பாகும் இயல்புடையது. அதனால் அது மேட்டுப்பாளையத்து வெயிலில் கவனிக்க வேண்டியதாகலாம். கோத்தகிரியில் அதை மறந்துவிடலாம்.

மின்சாரச் செலவில்தான் இந்த உணரி உண்மையிலேயே பின்தங்குகிறது. மழைமானிகளில் வழக்கமாக இருக்கும் காந்தமும், காந்தம் அருகே வந்தால் இணையும் ரீட் சுவிட்சும் சும்மா இருக்கும்போது மின்சாரமே எடுக்காது. 17 மில்லி ஆம்பியர் எல்இடியை நாள் முழுதும் எரியவிட்டால் 415 மில்லி ஆம்பியர்-மணி தீர்ந்துவிடும். 2000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி ஐந்து நாள்கூடத் தாங்காது. இதற்கு வழி, வாளி கவிழும் கணத்தைப் பிடிக்க முயலாமல், அது எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது என்பதை மட்டும் அவ்வப்போது எட்டிப் பார்ப்பது. நொடிக்குப் பத்துமுறை, ஒவ்வொரு முறையும் ஆயிரத்தில் ஒரு நொடி மட்டும் எல்இடியை ஏற்றினால், நாளொன்றுக்கு நான்கு மில்லி ஆம்பியர்-மணிக்குச் சற்றே கூடுதலாகத்தான் செலவாகும். உணரி விழித்துக்கொள்ள அந்த நேரம் தாராளம். மணிக்கு 100 மி.மீ. என்று கொட்டும் மழையிலும் வாளி ஏழு நொடிக்கு ஒருமுறைதான் கவிழும் என்பதால் எதுவும் தப்பாது. எல்இடி அணைந்திருக்கும்போதும் ஒருமுறை படித்து, எரியும்போது கிடைத்ததிலிருந்து அதைக் கழித்தால், கசியும் வெயிலும் கணக்கிலிருந்து நீங்கிவிடும். ரீட் சுவிட்சில் ஒரு கவிழ்வுக்கு இரண்டு மூன்று துடிப்புகள் வரும் தொல்லையும் இந்த முறையில் இல்லை.

சோதனைக்காக 402 மில்லி லிட்டர் நீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினோம். நூறு கவிழ்வு வர வேண்டிய இடத்தில் 98 வந்தது. வாளியின் தட்டும் ஓசையைக் காதால் கேட்டு எண்ணிய மாணவர்களும் 98 என்றே எழுதியிருந்தார்கள். ஆகவே அந்த இரண்டு குறைந்தது வாளியின் திருகைச் சரிசெய்ய வேண்டிய விஷயம். உணரி ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. அப்பா தினமும் காலை 8.30 மணிக்கு அளவுக்குவளையில் அளந்து டைரியில் எழுதும் மழையோடும் ஒப்பிட்டேன். தூறல் நாள்களில் இரண்டும் ஒரு கவிழ்வு வேறுபாட்டுக்குள் நின்றன. நவம்பரில் கனத்த மழை பெய்த ஒரு நாள் அப்பாவின் குவளை 31.4 மி.மீ. காட்ட, என் கருவியில் 149 கவிழ்வு, அதாவது 29.8 மி.மீ. இருந்தது. கனமழையில் வாளி புரளும் அந்த இடைநேரத்திலும் நீர் விழுந்துகொண்டே இருப்பதால், கவிழ்வாளிகள் எல்லாமே சற்றுக் குறைத்துத்தான் சொல்லும்.

ஒரே ஒருமுறை, நவம்பர் கடைசியில், மழை பெய்தும் பதிவு இரண்டு நாள் அசையாமல் நின்றது. திறந்து பார்த்தால், இடைவெளியில் ஒரு சிறு சிலந்தி கூடு கட்டி, அதன்மேல் ஈரம் கோத்து, ஒளியை முழுவதும் அடைத்திருந்தது. எல்இடியின் இளஞ்சூட்டுக்கு வந்ததோ என்று நினைத்தேன். ஆனால் இவ்வளவு சிறு நேரமே எரியும் எல்இடியில் சூடு ஏது? ஒதுங்க இடம் தேடித்தான் வந்திருக்க வேண்டும். வடிகால் துளைக்கு நைலான் வலை கட்டிய பிறகு தொல்லை இல்லை.

பையில் இருந்த மற்றவை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று கால் உணரிகள் உள்ளேயே பெருக்கியும், வெளியீட்டை முழு ஏற்றம் அல்லது முழு இறக்கமாக மாற்றும் ஷ்மிட் டிரிகர் சுற்றும் உடையவை. மல்டிமீட்டரால் மட்டும் அவற்றைச் சோதிக்க முடியாது, 5 வோல்ட் கொடுத்தே பார்க்க வேண்டும். வெளியீடு சுத்தமாக ஏறி இறங்குவது வசதி. ஆனால் எவ்வளவு மிச்சம் வைத்து வேலை செய்கிறது என்பதை அவை வெளியே காட்டுவதில்லை, எனவே மழையில் வைக்க நான் தயங்குகிறேன். எதிரொளிப்பு உணரிகள் ஈரம்பட்ட பரப்புகளுக்கு ஏற்றவை அல்ல. என்கோடர் அருமையான பாகம். காற்றுத்திசைகாட்டி செய்வதற்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

ஒரு மாலைப்பொழுதை அளப்பதற்கு ஒதுக்க முடியாதவர்களுக்கு இந்தப் பையைப் பரிந்துரைக்க மாட்டேன். அவர்கள் புதியதையே வாங்கட்டும். ஒதுக்க முடிந்தவர்களுக்கும், பள்ளிகளுக்கும், 150 ரூபாயில் இதைவிட நல்ல பொருள் நீலகிரியில் எனக்குத் தெரிந்து இல்லை. டிசம்பரில் மறுபடி போனபோது, நறுக்கிய கால்களைக் காட்டிக் கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். “போர்டோட வேணும்னு யாரும் கேட்டதில்ல சார், எடை ஏறும்னுதான் வெட்டிப் போட்டுட்டு இருந்தேன். இனிமே உங்களுக்குத் தனியா எடுத்து வைக்கிறேன்” என்றார். அன்றே ஒரு பழைய லேசர் பிரிண்டரின் மூன்று போர்டுகளை, உணரிகள் கழற்றாமல், 60 ரூபாய்க்குக் கொடுத்தார். அவற்றில் இரண்டில் எல்இடியின் மின்தடை 220 ஓம், மூன்றாவதில் 150.